ஊரில் கொட்டிலுக்கு வைஃபை எட்டவில்லையா? பெரிய ரவுட்டருக்குக் காசு அனுப்பாதீர்கள்

புதிதாக வெளிநாடு வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். கையில் காசு புழங்கத் தொடங்கியதும் ஊர் வீட்டுக்கு இணைப்பு எடுத்துக் கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் வன்னி வளவுகளில் ரவுட்டர் ஓரிடம், அப்பா அம்மா இருக்கிறது வேறிடம்.

எங்கள் வளவு கிளிநொச்சிப் பக்கம், அரை ஏக்கர். ரவுட்டர் முன் விறாந்தையில். அப்பாவோ பின்பக்கம் கிணற்றடியில் இருக்கிற தகரக் கொட்டிலில்தான். 2010இல் மீளக்குடியேறியபோது அவரே கட்டியது, கல்வீடு வந்த பிறகும் விட்டு வர மனமில்லை. வீடியோவில் எடுத்தால் முகம் அப்படியே நின்றுவிடும். நானும் பெரிய ரவுட்டருக்குக் காசு அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை.

காரணம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெல்பேர்ண் வந்த புதிதில் அண்ணன் வீட்டுப் பின்வளவில் நின்ற கரவனில் (காரில் கட்டி இழுக்கிற வண்டி வீடு) தங்கினேன். அலுமினியச் சுவர். வெளியே நின்றால் வைஃபை வரும், உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போய்விடும். அண்ணன் ஒரு வயர் இழுத்து உள்ளே சின்ன ரவுட்டர் வைத்தார், அன்றோடு சரி. உலோகம் வைஃபை அலையை மறிக்கும், அதனால் தகரக் கொட்டிலுக்கும் அதே வைத்தியம்தான்.

ரவுட்டரில் செருகுகிற ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை ஓடும். வீட்டு ரவுட்டரிலிருந்து கொட்டிலுக்கு இழுத்து, அங்கே ஒரு பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பொயின்டாக, அதாவது வயரில் வருகிற இணைப்பை வைஃபையாக விடுகிற பெட்டியாக, மாற்றி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்தால் அப்பா ஃபோனில் எதையும் மாற்றத் தேவையில்லை. நடுவில் வைத்து, வைஃபை அலையைப் பிடித்துத் திரும்ப விடுகிற ரிப்பீட்டர் வேண்டாம். அதன் அலையையும் தகரம் மறிக்கும், வேகமும் குறையும்.

வெயில் தாங்குகிற கறுப்பு வயர், முழுச் செம்பாக வாங்கச் சொல்லுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் நீளத்துக்குச் சரிவராது. பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மேலால் இழுத்தால் குரங்கு விடாது, குழாய் இல்லாமல் புதைத்தால் எலி விடாது.

எனக்குப் பயம் இடிதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வன்னியில் எப்படி முழங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களைச் செம்பு வயரால் இணைத்தால், பக்கத்தில் மின்னல் விழுந்தாலும் அந்த அதிர்வு இரண்டு பக்கமும் ஓடும். வானம் கறுக்கும்போதே கரன்ட் பிளக்கையும் இந்த வயரையும் இரண்டு முனையிலும் கழற்ற வேண்டும். முழக்கம் தொடங்கிய பிறகு வயரில் கை வைக்கவே கூடாது, அம்மாவுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் செம்புக்குப் பதில் ஃபைபர் (ஒளியில் தகவல் அனுப்புகிற கண்ணாடி இழை வயர்) போடுங்கள். உலோகக் கம்பி சேராத ஃபைபராகப் பார்த்து வாங்கினால் அதன் வழியே மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஃபைபரை ஈதர்நெட்டோடு சேர்க்கிற ஒவ்வொரு மாற்றிப் பெட்டி (மீடியா கன்வேர்ட்டர்) வேண்டும், அவ்வளவுதான். நான் கடைசியில் அதைத்தான் போட்டேன்.

காசு அனுப்ப முதல், வயர் போகிற வழியாகவே ஒரு கயிறு பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நேர்கோட்டில் அளந்தால் கிணற்றைச் சுற்றி வரும்போது வயர் பத்தாது. எங்களுக்கு ஆறு மீட்டர் குறைந்தது.