ஓய்வுப் பணத்தைப் போட்டு மோர்மிளகாய், வடகம் தொழில் தொடங்கலாமா?

சேரன்மகாதேவிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். முப்பத்திரண்டு வருடம் நடத்துநராக இருந்து போன மாசிதான் ஓய்வு பெற்றேன். பாதிக் காலம் திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில். மதியச் சோற்றுக்கு வீட்டுக்காரி கொடுத்துவிடும் மோர்மிளகாயையும் கூழ்வடகத்தையும் பணிமனையில் பங்கு போட்டுத் தின்னாத ஆள் கிடையாது. இப்போதும் போன் போட்டுக் கேட்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் சேர்த்து 18 லட்சம் கையில் இருக்கிறது. டவுனில் ஒரு கடை பிடிக்கலாம் என்கிறான் மகன். நாலு லட்சத்துக்கு உலர்த்தும் மெஷின் வாங்கச் சொல்கிறார் மருமகன். 100 கிராம் மோர்மிளகாய் 40 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. அவளுக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளக்காரி:
அண்ணாச்சி, பள்ளிக்கூட அலுவலக வேலையில் ஓய்வு பெற்று, 2021-லிருந்து வீட்டில் அப்பளம் போடுகிறேன். முதலில் உங்கள் விலையைப் பார்ப்போம்.

ஐந்து கிலோ பச்சைமிளகாய் 300 ரூபாய், தயிர் 180, உப்பு 20, கவரும் லேபிளும் 60. ஆக 560. காய்ந்து வரும்போது ஒன்றரைக் கிலோ தேறினால் பெரிது. அப்புறம் மதினியின் வேலை இருக்கிறதே! காம்பு நறுக்கி, கீறி, ராத்திரி மோரில் போட்டு, காலையில் எடுத்து மாடியில் பரப்பி, சாயங்காலம் திரும்ப மோரில் போட்டு என்று ஐந்து நாள். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் பத்து மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் வையுங்கள், 500. மொத்தம் 1060. அதாவது 100 கிராமுக்கு அடக்கமே 70 ரூபாய் ஆகிறது. 40-க்கு விற்றால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 30 ரூபாய் மதினி கையிலிருந்து போகிறது. வீட்டுப் பொம்பளை வேலைக்குக் கூலி போடாத கணக்கைக் கணக்கு என்றே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். 90 ரூபாய் சொல்லுங்கள். ருசி தெரிந்தவர்கள் வாங்குவார்கள்.

அடுத்தது வெயில். அப்பளத்துக்குக் கடும் வெயில் ஆகாது, சுருண்டு வெடித்துவிடும். உங்கள் சரக்கு அதற்கு நேர்மாறு. பங்குனி, சித்திரையில் காய்வதுதான் காய்ச்சல். ஆனி, ஆடியில் நம் பக்கம் சாரல் விழும். ஐப்பசி, கார்த்திகை சொல்லவே வேண்டாம். ஒரு தடவை அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிவிட்டு, பூத்துப்போய் 12 கிலோவைக் குப்பையில் கொட்டினேன். அதனால் கோடையில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து வைத்து, வருடம் முழுக்க விற்கப் பாருங்கள். மெஷினை அடுத்த வருடம் யோசிக்கலாம். மதினியைக் குனிந்து பரப்ப விடாதீர்கள். இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டுக் கொடுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு நான் பதிந்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 14 இலக்க எண் தருவார்கள், அதை லேபிளில் போட வேண்டும். சேர்மானம், எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி எல்லாம் கூடவே.

பாளையங்கோட்டை ஓய்வூதியர்:
பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாக்குமட்டைத் தட்டு மெஷின் விற்ற ஒரு ஆள், ‘நீங்கள் செய்கிற தட்டையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று எழுதியே கொடுத்தார். மூன்று லட்சம் கொடுத்தேன். இரண்டு மாதம் வாங்கினார்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. மெஷின் இன்னும் தார்சாவில் சாக்கு மூடிக் கிடக்கிறது.

மிச்சம் இருந்த 15 லட்சத்தை 2023-ல் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டேன். அப்போது 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் வருகிறது. 60 வயது ஆனவர்கள் 30 லட்சம் வரை போடலாம். அண்ணாச்சி, முதலைத் தொடாதீர்கள். ஒரு தவணை வட்டியே உங்கள் தொழிலுக்குப் போதும். கடை வேண்டவே வேண்டாம். வாடகைக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது.

அம்பாசமுத்திரத்துத் தம்பி:
ஒன்று மட்டும் அண்ணாச்சி. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, இணையத்தில் நாமே செய்யலாம். இடையில் யாராவது 2000, 3000 கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சேரன்மகாதேவிக்காரன்:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கூலிக் கணக்கு வந்த இடத்தில் ‘இன்னொரு தடவை வாசிங்க’ என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வேலைக்கு நான் ஒரு விலை நினைத்துப் பார்த்ததில்லை, அது மனதில் தைத்துவிட்டது.

திங்கட்கிழமை தபால் அலுவலகம் போகிறேன். 25,000 மட்டும் தனியாக எடுத்து வைத்து, அதில் இந்தச் சித்திரைக்கு இருபது கிலோ மிளகாய். ஆசாரியிடம் பலகை சொல்லியாயிற்று. உயரம் அளக்க அவளையும் கூட்டிப் போனேன்.