அஸ்பெஸ்டஸ் புதைத்த குழி எங்கே என்று பதிவேட்டில் இல்லை – உதவி தேவை

கேள்வி (மலைச்செல்வி, ஹட்டன் பக்கம்):
எங்கள் பகுதிக் குப்பை மேட்டில் பதிவேடு எழுதும் வேலை போன மாதம்தான் என் கைக்கு வந்தது. லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) கூரை மாற்றியபோது கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகடுகளைச் சில வருடங்களுக்கு முன் இங்கே புதைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் இருப்பது ஒரே வரி: ‘மேல் பக்கக் குழி, 7 லொறி.’ ஆழமும் இல்லை, வரைபடமும் இல்லை. நேற்றுப் புதுக் குழிக்காக பெக்கோ இயந்திரம் தோண்டும்போது, இரண்டடியிலேயே கிழிந்த பொலித்தீனோடு சாம்பல் நிறத் துண்டுகள் வந்துவிட்டன. வேலையை நிறுத்திவிட்டோம். இனி என்ன செய்ய? பதிவை எப்படி எழுத?

பதில் (சுரேன்):
தங்கச்சி, நிறுத்தியது சரி. துண்டுகளைக் கையால் பொறுக்க வேண்டாம். தூசி கிளம்பாமல் மெதுவாகத் தண்ணீர் தெளித்து, மேலே மண் போட்டு மூடுங்கள். பெக்கோ வாளியை அங்கேயே ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதோடு புதையுங்கள். துணி முகக்கவசம் அஸ்பெஸ்டஸின் நுண்ணிய நாருக்குப் போதாது. மூச்சோடு உள்ளே போனால் நோய் தெரிய 20, 30 வருடங்கள்கூட ஆகும். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு இன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

பதில் (பழைய ஓவசியர்):
‘லொறி’ ஓர் அளவே அல்ல, பாதி ஏற்றினாலும் லொறிதான். கன மீட்டரில் எழுதுங்கள். அமெரிக்க விதியில் புதைத்த இடம், ஆழம், பரப்பு, அளவு நான்கும் வரைபடத்தில் இருக்க வேண்டும். இடத்தை மூடிய பின் காணி உறுதியிலும் குறிக்க வேண்டும். நாமும் அதைப் பின்பற்றலாம்.

போன் காட்டும் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், மரமும் பள்ளமுமான இடத்தில் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும். மரக்கட்டை நட்டால் விறகுக்குப் போய்விடும். மதகின் மூலை, பெரிய பாறை என்று அசையாத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்துக் குழியின் நான்கு மூலைகளையும் அளந்து எழுதுங்கள். நாளை வேறொருவர் வந்தாலும் டேப்போடு நேரே அங்கே போய் நிற்க வேண்டும்.

மூடிய அன்றே ஆழத்தைக் குறியுங்கள், பெருமழை முடிந்ததும் மறுபடி பாருங்கள். சரிவில் மேல்மண் கழுவிப் போகும். உங்களுக்கு இரண்டடியில் வந்ததும் அதனாலோ என்னவோ. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்ட மீரியபெத்தையில் ஒரு காலைக்குள் மலையே இறங்கியதை நாம் பார்த்தோம். புதுக் குழிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பழைய லொறியின் ரன்னிங் சார்ட்டை, அதாவது எந்த நாள் எத்தனை நடை போனது என்று எழுதிய தாளைத் தேடுங்கள்.

மலைச்செல்வி:
நன்றி அண்ணே, சார்ட் கிடைத்தது! 7 நடையும் ஒரே நாளில் இல்லை. 4 நடை ஒரு நாள், 3 நடை இரண்டு வாரம் கழித்து. அப்படியானால் குழி இரண்டாக இருக்கலாம். நேற்று வெளிப்பட்ட இடம் மதகு மூலையிலிருந்து 14.2 மீட்டர், பாறையிலிருந்து 9.6. வரைந்துவிட்டேன். மற்றதைத் தோண்டித் தேடப் போவதில்லை. அப்போது காவலுக்கு இருந்த தாத்தா கீழ் லயத்தில்தான் இருக்கிறார். நாளை அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறேன்.