பிரேக்கா, சஸ்பென்ஷனா? வண்டி படுத்தின பாட்டைச் சொல்லுங்க

எஸ்டீம் சேலம்
முன் சக்கரத்தைத் தாங்கற லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கோட சேர்ற டை ராட் எண்ட் மாத்தியாச்சு, கடைசியா அலைன்மென்ட். எல்லாம் செஞ்சும் என் எஸ்டீம் இடப்பக்கம் இழுக்கறது நிக்கல. ஏற்காட்டுல இருந்து இறங்கறப்ப முன் இடது சக்கரத்துல கருகின வாடை. ஓரங்கட்டி, கல் அண்டக்குடுத்து, ஆற விட்டு, மெதுவா அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

அங்க ஒரு சின்னப் பட்டறை. பெரியவர் ஜாக்கி போட்டு சக்கரத்தைச் சுத்தினார், அசையல. பிரேக் பேடை அழுத்தற கேலிப்பர்ல, ஆயிலை வெளிய விடற நிப்பிள்ல ஸ்பானர் வெச்சு லேசாத் தளர்த்தினார். பிரேக் ஆயில் சுர்ருனு பீச்சி அடிச்சுது. அந்த நொடியே சக்கரம் விட்டுருச்சு, ஒத்தை விரலால சுத்தறார். "ஆர்ம்ல ஒண்ணுமில்ல தம்பி, பைப்பு"னார். கேலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டுபோற ரப்பர் பைப்பைக் கழட்டி, குறுக்கே அறுத்துக் காட்டினார். வெளியில ஒரு வெடிப்பு இல்ல. உள்ள ரப்பர் ஊதி, ஓட்டை ஊசி நுழையற அளவுதான். மிதிச்சா ஆயில் போகுது, காலை எடுத்தா திரும்பி வரல.

முன்னாடி பார்த்த பட்டறையில யாருமே அந்த நிப்பிளைத் திறந்து பார்க்கல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

அம்பாசிடர் கும்பகோணம்
உங்களுக்காவது சாமான் கடையில கிடைக்குது. அம்பாசிடர் தயாரிப்பு 2014லயே உத்தர்பாரா ஃபேக்டரியில நின்னுபோச்சு. பின்னால பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கற ஷேக்கிளுக்கு ரப்பர் புஷ் தேடி புதுப்பேட்டை போனேன். கடைக்காரர் ரெண்டு புஷ் எடுத்து மேசையில வெச்சார், பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். ஒண்ணுல தடம் உடனே மறைஞ்சுது, இன்னொண்ணுல பள்ளம் அப்படியே நிக்குது. "இது வேணாம் சார், ஒரு மழைக்குத் தாங்காது"ன்னு உள்ள தூக்கிப் போட்டுட்டார். நல்லது ஒரு ஜோடிதான் இருந்தது, எனக்கு ரெண்டு ஜோடி வேணும். இருக்கறதை வாங்கிட்டு வந்தேன். அந்த மட்டமானதை அவர் என் தலையில கட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

நாமக்கல் ஜென்
எஸ்டீம் அண்ணே, பைப்புனு எல்லாரும் கிளம்பிடப் போறாங்க. நான் பார்த்த வரைக்கும் கேலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைடு பின் துருப்பிடிச்சு இறுகறதுதான் அதிகம். ஆர்ம் மாத்தினது வீண்னும் சொல்ல முடியாது, அதுல இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சிருந்தா பிரேக் மிதிக்கறப்ப வண்டி இழுக்கத்தான் செய்யும்.

என் கதை சின்னது. கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல பாதியில பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்கமா ஒதுக்கி நிறுத்தினேன். பின் சீட்டுல அம்மா ஒரு வார்த்தை பேசல. அரை மணி ஆறினதும் பெடல் பழையபடி வந்துருச்சு. ஆயில் கொதிச்சிருக்கு.

இது ஏன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 3ங்கற தர ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 205 டிகிரி வரை தாங்கணும், ஈரம் ஏறினா அந்த அளவு 140 தான். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினா 155. அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. திறந்து மிச்சம் வெச்ச டப்பாவைத் திரும்ப ஊத்தாதீங்க. எந்த கியர்ல மலை ஏறினீங்களோ அதுலயே இறங்குங்க.

இழுக்கற வண்டிக்கு முதல் கேள்வி: மிதிக்கறப்ப இழுக்குதா, சும்மா ஓடறப்பவே இழுக்குதா? சும்மாவே இழுத்து, அந்தப் பக்க ரிம் மட்டும் சூடா இருந்தா பிரேக் பிடிச்சே ஓடுது. கையை ரிம் கிட்ட கொண்டுபோனாலே அனல் தெரியும், தொடாதீங்க. ஒண்ணுக்கு மேல சக்கரம் பிடிச்சா பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்க, பெடலோட சேர்ற புஷ் ராடுக்கு ப்ளே, அதாவது கொஞ்சம் இடைவெளி, இல்லாம இருக்கும். எங்கயும் ஆயில் ஒழுகாம, மிதிச்சு வெச்ச பெடல் மெல்ல மெல்ல கீழ போனா மாஸ்டர் சிலிண்டர் கிட், அதாவது உள்ள இருக்கற ரப்பர் சீல், போயிருச்சு.

எஸ்டீம் சேலம்
தம்பி, ஸ்லைடு பின் இறுகியிருந்தா நிப்பிளைத் தளர்த்தினதும் சக்கரம் அப்படி விட்டிருக்காது. உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டிருந்ததாலதான் ஆயில் பீச்சுச்சு. ஸ்லைடு பின்னையும் அவர் கழட்டி கிரீஸ் வெச்சுதான் மாட்டினார், நல்லாத்தான் இருந்தது. புஷ்ஷும் கிழியல. பழைய ஆர்ம் வீட்டுலதான் கிடக்கு.

நாகர்கோவில் சான்ட்ரோ
நின்ன இடத்துல ஸ்டீயரிங் திருப்பினா முன்னால 'டங்'னு சத்தம். ரெண்டு ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மொத்தமா மாத்தணும்னு ஒரு இடத்துல எழுதியே குடுத்துட்டாங்க. மனசு ஒப்பல. வேற ஒரு மெக்கானிக் அண்ணன் என்னை உள்ள உக்கார வெச்சு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிட்டு, வீல் ஆர்ச்சுக்குள்ள காயில் ஸ்பிரிங் மேல விரலை வெச்சார். "நீங்களே பாருங்கக்கா"ன்னு இடத்தை மாத்திக்கிட்டார். ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டே வந்து படக்குனு உதறுது, கையில அப்படித் தெரியுது. மேல இருக்கற ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் தேஞ்சு சுத்தாம நின்னுருக்கு. மவுன்ட்டும் பேரிங்கும் மட்டும் மாத்தினோம், சத்தம் நின்னுது. முதல் இடத்துல சொன்ன ஆளு ஸ்பிரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்கல. பொம்பள ஓட்டற வண்டின்னா இப்படித்தான் எழுதுவாங்களா?

திண்டுக்கல் 800
எஸ்டீம் சார், பைப் ஒரு பக்கம் மட்டும் மாத்தினீங்களா, ரெண்டுமா?

எஸ்டீம் சேலம்
முன்னால ரெண்டும். வலப்பக்கத்துப் பைப்பையும் அறுத்தோம், அதுவும் பாதி அடைச்சிருந்தது. பழைய ஆயில் கறுப்பா வந்தது, நாலு சக்கரத்துலயும் பிரேக் லைன்ல இருந்த ஏர் எடுத்துப் புது டாட் 3 ஊத்தினார். அதுக்கப்புறம் இழுக்கல.