ஓவியக் கல்லூரியில் சேரலாமா? வீட்டில் தினமும் சண்டை

தக்கலைப் பிள்ளை:
பிளஸ் டூ முடித்தாச்சு. எனக்கு ஓவியம்தான் படிக்க வேண்டும், அதுவும் வேலைக்காக இல்லை, சொந்தமாக வரைந்து கண்காட்சி வைத்து அதிலேயே வாழ வேண்டும். அப்பாவோ "பி.எஸ்சி., பி.எட். முடித்து டீச்சர் ஆகு, படமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்துகொள்" என்கிறார். போட்டோவைப் பார்த்து பென்சில் ஷேடிங்கில் ஆளை அப்படியே கொண்டுவந்துவிடுவேன், வாட்டர் கலரும் வரும், ஆயில் தொட்டதில்லை. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியா, பக்கத்திலிருக்கும் திருவனந்தபுரமா? நாலு வருஷம் அங்கே அப்படி என்னதான் சொல்லித்தருவார்கள்?

எழும்பூர் சீனியர்:
தங்கச்சி, முதலில் அந்த போட்டோவை ஓரமாக வை. நுழைவுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அதில் எதிரே இருக்கும் பொருளையோ ஆளையோ பார்த்துத்தான் வரைய வேண்டியிருக்கும். போட்டோவில் வெளிச்சம் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது, கேமரா முடிவு செய்ததைத்தான் நீ நகல் எடுக்கிறாய். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஸ்கெட்ச் புக்கோடு உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களை அவர்கள் ஏறிப் போவதற்குள் வரைந்து பழகு.

உள்ளே போனால் ஆரம்பத்தில் ஸ்டில் லைஃப் (பொருள்களை எதிரே வைத்து வரைவது), தலை வரைதல், களிமண் என்று எல்லாவற்றையும் தொட வேண்டும், அப்புறம்தான் ஓவியமா, சிற்பமா, அச்சா, செராமிக்கா என்று பிரிவது. நான் எடுத்தது அச்சு. எட்சிங் என்றால் துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் கீறி, ஆசிடில் விட வேண்டும், கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும், அந்தப் பள்ளத்தில் மையை ஏற்றி ஈரத்தாளை வைத்து பிரஸ்ஸில் உருட்டினால் படம். அந்த பிரஸ்ஸை வீட்டில் வாங்கி வைக்க முடியுமா? கல்லூரிக்குப் போவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, படத்தைச் சுவரில் மாட்டி வைத்து வகுப்பே நின்று விமர்சனத்தால் கிழிப்பது. ஊரில் எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லியே நம்மைக் கெடுத்திருப்பார்கள், அங்கே "இதை ஏன் வரைந்தாய்?" என்று கேட்பார்கள், பதில் வராது.

மயிலாடிக்காரன்:
கல் வேலை செய்யும் குடும்பம் என்பதால் சொல்கிறேன், மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. நம்ம கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவரை வடித்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். படித்து வந்தால் கோயில் ஆர்டர் கிடைக்கும், கை சும்மா இருக்காது. ஆனால் அது அளவும் இலக்கணமும் பிசகாத மரபு வேலை. உன் மனசில் தோன்றுவதைச் செய்ய வேண்டுமென்றால் சரிப்படாது.

கணக்கு அக்கா:
படத்தை விற்று மட்டும் வாழலாம் என்று யாரும் ஆசை காட்டாதீர்கள். கேலரி வழியாக விற்றால் விலையில் பாதி வரை அவர்களுக்கே போய்விடும், மீதியில்தான் படச்சட்டம், கேன்வாஸ், வண்டிக்கூலி எல்லாம். எழும்பூர்க் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினாரே, அவர்களே பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றியது), கைவினைப் பொருள் எல்லாம் செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். அதனால் அரசுக் கல்லூரி என்றால் தாராளமாகப் போ. லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியாரில் பி.எஃப்.ஏ. (கவின்கலைப் பட்டம்) வேண்டவே வேண்டாம், மாதத் தவணை கட்டுவதற்காகவே கல்யாண போர்ட்ரெய்ட் வரைந்து கொண்டிருப்பாய்.

தக்கலைப் பிள்ளை:
அப்போ திருவனந்தபுரம்? வீட்டிலிருந்தே தினமும் ரயிலில் போய் வரலாம் என்றால் அப்பா ஒருவேளை சம்மதிப்பார்.

எழும்பூர் சீனியர்:
நல்ல கல்லூரிதான், ஓவியம், சிற்பம், அப்ளைடு ஆர்ட் (விளம்பரம், வடிவமைப்பு மாதிரி) மூன்றும் உண்டு. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கான விதியை மட்டும் விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடு. ஆனால் ரயிலில் போய் வருவது வேண்டாம். சாயங்கால வண்டியைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு ஸ்டுடியோ கிடைத்தும் பிரயோஜனமில்லை, வகுப்பு முடிந்த பிறகு எல்லோரும் போனபின்தான் உருப்படியாக வேலை நடக்கும். ஹாஸ்டல் கேள். எழும்பூர் என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் கல்லூரிப் பக்கத்திலேயே இறங்கலாம்.

கணக்கு அக்கா:
மாணவர் கண்காட்சி நடக்கும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் சீனியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அவரே கேட்கட்டும். சினிமா செட், அனிமேஷன், பள்ளிக்கூட ஆர்ட் டீச்சர் என்று பதில் வரும். டீச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கப்பா பாதி இறங்கிவிடுவார்.