பாடசாலை வேன் ஓட்டும் அண்ணன் வளைவிலும் தொலைபேசியை எடுக்கிறார்: ஏன்?

தலவாக்கலை அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் தரத்தில் படிக்கிறாள். தலவாக்கலைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டனில் உள்ள பாடசாலைக்கு நாள்தோறும் வேனில் போய் வருகிறாள். சென்ற வாரம் எனக்கு ஹட்டனில் வங்கி வேலை இருந்ததால், சாரதி அண்ணனிடம் கேட்டு முன் ஆசனத்தில் நானும் ஏறிக்கொண்டேன். சென் கிளயர் நீர்வீழ்ச்சியைத் தாண்டிப் பத்தனைச் சந்தியை அடைவதற்குள் அவருக்கு ஐந்து அழைப்புகள் வந்தன. ஐந்தையும் எடுத்தார். கியர் மாற்ற வேண்டிய இடங்களில் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே வளைவைத் திருப்பினார். அன்று காலை பனிமூட்டம் வேறு. எதிரே வந்த கொழுந்து லொறியின் விளக்கு மட்டுமே தெரிந்தது.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிப்பழக்கம் இல்லாதவர். பிற வேன்களோடு போட்டி போட்டு ஓட்டுகிறவரும் அல்லர். இறங்கும் பிள்ளை பாதையைக் கடக்கும் வரை வண்டியை நகர்த்த மாட்டார். இவ்வளவு கவனமுள்ள ஒரு மனிதர் இந்த ஒரு விடயத்தில் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இறங்கும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எடுக்காமல் விட முடியுமா சேர்?" என்று சிரித்தார். ஆபத்து என்று நன்றாகத் தெரிந்தவர்களும் இதை ஏன் செய்கிறார்கள்? அவர் மனம் நோகாமல் இதை நிறுத்த என்ன வழி?

பண்டாரவளை ஆசிரியை:

நான் உளவியல் கற்பிப்பவள் என்பதால் உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆபத்து தெரியாமல் யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் அறிவு ஒன்றைச் சொல்லும்போது அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. உங்கள் சாரதி இதுவரை ஆயிரம் அழைப்புகளையாவது வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்திருப்பார்; ஆயிரம் தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு தடவையும், "உன்னால் முடியும்" என்று அவருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறது. திறமையான சாரதிகள் இந்த வலையில் கூடுதலாகவே விழுகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் அதிகம். மணி ஒலிக்கும்போது அந்தப் பக்கம் இருப்பது யார், நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது தெரியாது என்பதும் ஒரு காரணம். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாத செயலைத்தான் உயிரினங்கள் விடாமல் திரும்பத் திரும்பச் செய்கின்றன என்பதைப் புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். லொத்தர் சீட்டுச் சுரண்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புறாக்கள் தேவையில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 11 மீற்றர் நகர்கிறது. யார் அழைக்கிறார்கள் என்று திரையைப் பார்க்க நான்கு செக்கன் போனால், 44 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். நம் பாதைகளில் வளைவில்லாமல் 44 மீற்றர் நீளுகிற இடங்கள் எத்தனை என்பதை எல்லோரும் அறிவோம். விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து கனடாவின் டொராண்டோ நகரில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. தொலைபேசியில் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்பது அதன் முடிவு.

பொகவந்தலாவை வேன்காரன்:

இந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பதினான்கு ஆண்டுகளாகப் பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். ஆசிரியை அம்மா சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் வேனுக்கு உள்ளே மட்டும் பார்த்துப் பேசுகிறார். அழைப்பு வெளியிலிருந்து வருகிறது. அதை யார் எடுக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

காலை ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பெற்றோருடையவை. "அண்ணன், எங்கே வருகிறீர்கள்?" "பிள்ளை இன்றைக்கு வரமாட்டான்." "சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள், கொஞ்சம் நிற்க முடியுமா?" ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அழைக்கவே செய்கிறார்கள். ஒரு காலத்தில் நான் எடுக்காமல் இருந்து பார்த்தேன். "வேன்காரர் போனை எடுப்பதே இல்லை, பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யாரிடம் கேட்பது?" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். அடுத்த மாதம் இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தினாலும் லீசிங் தவணை நிற்காது என்பதால், அன்றிலிருந்து மறுபடியும் எடுக்கத் தொடங்கினேன்.

சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லையும் நமக்கு உண்டு. மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் அடியோடு போய்விடும். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி வரும்போது பல வளைவுகளுக்குத் தொலைபேசி ஊமையாகக் கிடக்கும். ஒரு திருப்பத்தில் வெளியே வந்தவுடன், அதுவரை தேங்கியிருந்த செய்திகள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் கத்தும். அடுத்த வளைவில் சிக்னல் மறுபடியும் போய்விடும் என்று தெரிந்திருப்பதால், "இப்போதே பார்த்துவிடு" என்று கை தானாக நீளுகிறது. அந்த இடமோ வளைவின் முகப்பு. பாதையில் இதைவிடக் கெட்ட இடத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இனி, வெளியில் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வேனில் வருகிற ஒரு பிள்ளையின் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். இங்கே காலை ஆறரை என்றால் அங்கே நான்கு மணி. அந்த வீட்டார் எழுந்திருக்குமுன் அவருக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். பிள்ளையின் பாட்டியிடம் தொலைபேசி இல்லை. ஆகவே அழைப்பு என் எண்ணுக்கு வரும். ஓட்டிக்கொண்டே எடுத்து, பின்னால் நீட்டுவேன். சட்டப்படி குற்றம், பொலிஸார் கண்டால் தண்டப்பணம் எழுதுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த மணி அடிக்கும்போது அதைக் கேளாதவன் போல் இருக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

முச்சக்கரவண்டித் தம்பி:

இவ்வளவு பேச்சு எதற்கு? காதில் புளூடூத் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் விடுபடும். எங்களுக்கு வலக்கையில் அக்சிலேற்றர், இடக்கையில் கிளச்சும் கியரும். ஆகவே நான் தொலைபேசியைக் கையில் எடுப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு ஓட்டவில்லையா? அதுவும் இதுவும் ஒன்றுதானே.

பண்டாரவளை ஆசிரியை:

ஒன்றல்ல தம்பி. மேலே சொன்ன டொராண்டோ ஆய்விலேயே, கை படாமல் பேசியவர்களுக்கும் ஆபத்துக் குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான பரிசோதனையும், காதில் மாட்டிப் பேசியவர்களின் கவனம் கையில் வைத்துப் பேசியவர்களின் கவனத்தைப் போலவே சிதறியதாகக் காட்டியது. கண் பாதையில்தான் இருக்கிறது, ஆனால் கண்டதை மனம் வாங்கிக்கொள்வதில்லை. அருகில் இருப்பவரின் நிலை வேறு: எதிரே பஸ் வருவதை அவரும் பார்க்கிறார், வாயை மூடிக்கொள்கிறார். கொழும்பிலிருந்து அழைக்கிற உங்கள் மைத்துனருக்கு நீங்கள் இறக்கத்தில் இருக்கிறீர்களா ஏற்றத்தில் இருக்கிறீர்களா என்பது எப்படித் தெரியும்?

பொகவந்தலாவை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு என் முதற் பதில் பாதிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் என் மகனின் வேன் சாரதியைச் செவ்வாய்க்கிழமை அழைத்தேன்.

தலவாக்கலை அப்பா:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இதையெல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்து நீட்டினார். நான் முன் ஆசனத்தில் இருந்த அந்தக் காலையில், 6.41க்கு, சாரதி அண்ணனின் எண்ணுக்கு ஓர் அழைப்புப் போயிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டேனா என்று கேட்பதற்காக. என் தொலைபேசி வங்கிக் காகிதங்களோடு பைக்குள் கிடந்ததால் எனக்குக் கேட்கவில்லையாம். "ஓம், எடுத்திருக்கிறார்" என்று சாரதி அண்ணன் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. யாரோ யாரைப் பற்றியோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அவரோடு பேசினேன். குறை சொல்லவில்லை, இந்தக் கதையைத்தான் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வேன் தோட்டத்துக் கோயிலடியிலும் பத்தனைச் சந்தியிலும் எப்படியும் நிற்கிறது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் பார்ப்பதாகவும், மற்ற நேரத்தில் தொலைபேசி பதினோராம் தரத்தில் படிக்கும் மூத்த மாணவியிடம் இருக்கும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளை வரவில்லை என்றால் முதல் நாள் இரவே எழுதிவிட வேண்டும். குழுவில் பதினெட்டு வீட்டார் இருக்கிறார்கள். பதினைந்து பேர் சம்மதித்துவிட்டார்கள், மூவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

பொகவந்தலாவை அண்ணன், அந்தக் குவைத் அழைப்பைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நேரத்துக்கு எங்காவது நிறுத்த இடமில்லையா?

பொகவந்தலாவை வேன்காரன்:

நோர்வூட்டுக்கு முன்னால் கடைக்கு எதிரே கொஞ்சம் அகலமான இடம் இருக்கிறது, சிக்னலும் வரும். ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் நிற்கலாம். பிற பெற்றோரிடம் இனித்தான் கேட்க வேண்டும்.

உங்கள் ஏற்பாட்டில் ஒரு சின்னத் திருத்தம். மூத்த மாணவி முன் ஆசனத்தில் இருக்கக் கூடாது. பக்கத்தில் மணி அடித்தால் "யார் மகள்?" என்று வாய் கேட்கும், கண் அங்கே போகும். கடைசி ஆசனத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒலியையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.