32 அடி ஃபைபர் படகு: தண்ணிக்குக் கீழே வரும் பொருத்துகளுக்கு எந்த சீலன்ட்?

வல்லம்32:
இன்போர்டு டீசல் எஞ்சின் உள்ள ஃபைபர் படகு. அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி நார் மேட்டும் ரெசினும்தான், நடுவில் பலகையோ ஃபோமோ கிடையாது. தடிமன் சுமார் 12 மி.மீ. எஞ்சினுக்குக் கடல்தண்ணி எடுக்கும் 1½ இஞ்ச் வெண்கல த்ரூ-ஹல்லையும் (அடிப்பக்கத் துளை வழியே போகும் குழாய்ப் பொருத்து) வால்வையும் மாற்ற வேண்டும். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்குப் பிளாஸ்டிக் டிரான்ஸ்டியூசர் (அதன் ஒலி உணரி) ஒன்று புதிதாகத் துளை போட்டு வைக்க வேண்டும். கடையில் சிலிகான் போதும் என்கிறார்கள், யார்டில் 3எம் கம்பெனியின் 5200 சீலன்ட்தான் என்கிறார்கள். பழைய பொருத்தைச் சுற்றி இருப்பது ரப்பர் போலத் தோல் தோலாக உரிகிறது. படகு கரையில் இருக்கப்போவது 4 நாள்தான்.

யார்டு_மேஸ்திரி:
சிலிகான் வேண்டாம் தம்பி. ஃபைபரில் அதன் பிடிப்பு குறைவு. புளிப்பு வாடை அடிக்கும் ரகம் காய்கிறபோது அசிட்டிக் அமிலத்தை விடும், வெண்கலத்துக்கு அது ஆகாது. அதைவிடப் பெரிய தொல்லை, சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட்டும் நிற்காது, வேறு சீலன்ட்டும் நிற்காது.

உரிகிறது என்றால் பழையதே சிலிகானாக இருக்கலாம். எடுத்த எடுப்பில் எமரி போடாதீங்க, சிலிகானை ஃபைபருக்குள் தேய்த்து விடுவீங்க. முதலில் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு 80 நம்பர் எமரி. தண்ணி தெளித்துப் பாருங்க. தாமரை இலை மேல் விழுந்த மாதிரி உருண்டு ஓடினால் இன்னும் மிச்சம் இருக்கு.

5200 நல்ல சரக்குதான், ஆனால் அது ஒட்டு. கழற்ற நினைத்தால் ஜெல்கோட்டையும் (ஃபைபரின் மேல்பூச்சு) பிய்த்துக்கொண்டு வரும். த்ரூ-ஹல்லைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் நட்டு. சீலன்ட்டின் வேலை தண்ணியை அடைப்பது மட்டும். என்றைக்காவது மாற்றவேண்டிய பொருளுக்கு 3எம்மின் 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 போதும். இரண்டும் பாலியூரிதேன், தண்ணிக்குக் கீழே தாங்கும்.

எம்சீல் மாதிரி எபாக்சி புட்டியும் கூடாது. கல்லாக இறுகிவிடும், எஞ்சின் அதிர்வில் மயிரிழை விரிசல் விட்டு அதன் வழியே கசியும்.

கடல்பொறி:
மேஸ்திரி சொன்னதற்கு மேல், செய்முறை.

புதுத் துளையின் உள்விளிம்பில் கண்ணாடி நார் வெட்டுப்பட்டுத் திறந்து நிற்கும். அதை அப்படியே விட்டால் நார் வழியே தண்ணி உறிஞ்சிப் போகும். எபாக்சி ரெசினை இரண்டு கை பூசிக் காயவிடுங்க. பலரும் தாண்டிப்போகும் வேலை இது.

சீலன்ட் இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்க. அடி வளைவாக இருந்தால் உள்பக்கம் நட்டு ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும். அங்கே 18 மி.மீ மரைன் பிளைவுட் கட்டை ஒன்றை வளைவுக்குச் செதுக்கி, எபாக்சி பூசி ஒட்டணும்.

பிறகு உட்காரும் இடத்தை அசிட்டோனில் துடையுங்க. ஸ்பிரிட், ஆல்கஹால் வேண்டாம், பாலியூரிதேன் காய்வதை அது கெடுக்கும். ஃபிளேஞ்சின் (வெளியே நிற்கும் தட்டை விளிம்பு) அடியிலும் தண்டைச் சுற்றியும் இடைவெளி விடாமல் தடவுங்க. 1½ இஞ்சுக்கு 50–60 மி.லி. தாராளம். ஒருவர் வெளியே திருகாமல் பிடிக்க, இன்னொருவர் உள்ளே நட்டை முறுக்கணும். சுற்றிலும் பிதுங்கி வந்தால் சரி. ஒரு பக்கம் வராவிட்டால் அங்கே காற்று இருக்கு, கழற்றித் திரும்பப் போடுங்க. காய்ந்தபின் "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால் பிடித்த பிடிப்பு அறுந்துவிடும்.

நம் கடற்கரை ஈரத்தில் இந்த சீலன்ட் சீக்கிரம் ஆடை கட்டும். வெயில் ஏறுமுன் முடியுங்க. வாங்கும்போதே கார்ட்ரிட்ஜின் தேதியைப் பாருங்க.

வெண்கலம்_மட்டும்:
சீலன்ட்டை விட வால்வால்தான் படகு மூழ்கும். வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வைப் போடாதீங்க. கடல்தண்ணி அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் நிலை. கன்மெட்டல் (வெண்கல வகை) வால்வுதான் வேண்டும். மரையும் கவனம்: த்ரூ-ஹல் தண்டில் நேர்மரை, சாதாரண வால்வில் கூம்புமரை இருந்தால் இரண்டு மூன்று சுற்றுதான் பிடிக்கும். எத்தனை டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது பிடிப்பு ஆகாது.

டிரான்ஸ்டியூசரின் பிளாஸ்டிக்கில் அசிட்டோன் படவே கூடாது, விரிசல் விடும். அசிட்டோன் ஃபைபருக்கு மட்டும். பாலிசல்ஃபைடு சீலன்ட்டும் ஏபிஎஸ், பிவிசி வகைகளைக் கெடுக்கும். டிரான்ஸ்டியூசர் நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்றுக்குள் நிறுத்துங்க.

வல்லம்32:
இரண்டுக்கும் 4200 என்று வைத்துக்கொள்கிறேன். எபாக்சிக்கும் கட்டைக்கும் 2 நாள் போய்விடும். மிச்சம் 2 நாளில் இறக்கலாமா?

கடல்பொறி:
சாதாரண 4200 என்றால் இறக்காதீங்க. ஃபாஸ்ட் க்யூர் என்று போட்ட ரகத்தை வாங்குங்க, அது 24 மணி நேரத்தில் காயும். பிதுங்கியதில் கொஞ்சம் ஒரு அட்டையில் தடவி வையுங்க. இறக்குமுன் அதைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்க. நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னொரு நாள் பொறுக்கணும்.

இறக்கியதும் நட்டைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பர் ஒற்றிப் பாருங்க, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. வால்வு உடைந்தால் அடைக்க, துளை அளவுக்குக் கூராகச் செதுக்கிய மர ஆப்பு ஒன்றை வால்விலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்க.