பொருள்: ஃபெர்மியின் மேல்போர்வைக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

திண்டுக்கல் இயற்பியல் ஆசிரியை, செவ்வாய் இரவு

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஃபெர்மி காமாக்கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். தெர்மாக்கோல், கம்பி, பிஸ்கட் உறையிலிருந்து எடுத்த வெள்ளித்தாள், அவ்வளவுதான். நான்குக்கு நான்காகப் பதினாறு கோபுரங்களை நிறுத்தி, உள்ளே இருப்பது தெரிய ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் பெயர் எழுத வேண்டும். ஃபிளெக்ஸ் அடிப்பவர் வெள்ளி மாலைக்குள் எழுத்துகளைக் கேட்கிறார்.

டங்ஸ்டன் தகடு, சிலிக்கான் தடங்காட்டி, ஆற்றல்மானி என்று மற்றவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டோம். மாட்டிக்கொண்டது மேலேயும் பக்கவாட்டிலும் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் ஓடுகளுக்குத்தான். ஆங்கிலத்தில் ஆன்டி கோஇன்சிடன்ஸ் டிடெக்டர். ஒரு மாணவி 'எதிர் தற்செயல் கண்டுபிடிப்பான்' என்று எழுதி வந்தாள். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் போட்டிருக்கிறாள், பாவம். தற்செயலுக்கு இங்கே இடமே இல்லை.

அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆற்றலில் வரும் காமாக்கதிரைக் கண்ணாடியால் திருப்பிக் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் ஃபெர்மியில் ஆடியும் இல்லை, வில்லையும் இல்லை. கதிர் டங்ஸ்டன் தகட்டில் பட்டு ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறுகிறது. அந்த இரண்டும் போகும் தடத்தைச் சிலிக்கான் குறித்துக்கொள்கிறது. தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் கதிர் வந்த திசை கிடைக்கும். ஆனால் விண்ணிலிருந்து மின்னூட்டம் உள்ள துகள்கள் காமாவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாகக் கொட்டுகின்றன. அவையும் உள்ளே தடம் பதிக்கும். இரண்டையும் பிரிக்கத்தான் இந்த 89 ஓடுகள். மின்னூட்டத் துகள் ஓட்டின் வழியே போனால் ஓட்டில் சின்னதாக ஓர் ஒளி மின்னும். காமாவுக்கு மின்னூட்டம் இல்லை, ஓடு சும்மா இருக்கும். ஓடு மின்னிய அதே கணத்தில் உள்ளே தடம் விழுந்தால் அது நமக்கு வேண்டாம். ஓடு பேசாமல் இருந்து தடம் விழுந்தால் அது நம் காமா. பத்தாயிரம் துகள் வந்தால் மூன்றுக்கு மேல் தப்பக் கூடாது என்பது வடிவமைப்பில் வைத்த நிபந்தனை.

காமா என்று எழுதுவதா, காம்மா என்று எழுதுவதா என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து இப்போது திறக்க வேண்டாம்.

தஞ்சாவூர் தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), புதன் அதிகாலை

அம்மா அவர்களுக்கு,

முதலில் 'எதிர்' வேண்டாம். தமிழில் எதிர் என்பது பகை மட்டும் அல்ல. எதிர்கொண்டு அழைத்தல் என்றால் வரவேற்பு. அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது மூன்றுமாவடியில் மக்கள் கூடி நின்று செய்வது எதிர்சேவை. எதிர்காலம் நம்மை நோக்கி வருகிற காலம். 'எதிரது தழீஇய எச்சவும்மை' என்று இலக்கணத்தில் படிப்பதும் இனி வரப்போவதைத் தழுவும் உம்மையைத்தான். துகளை வேண்டாம் என்று கழிக்கும் கருவிக்கு வரவேற்புச் சொல்லை முன்னால் ஒட்டுவானேன்?

இரண்டாவது, கோஇன்சிடன்ஸ் என்பதற்குச் சொல் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்வு. 'தாயொடு குழந்தை வந்தது' என்றால் இருவர் வரவும் ஒரே நேரத்தில் நிகழ்கிறது. உங்கள் கருவி பார்ப்பதும் அதைத்தானே? ஓட்டின் மின்னலும் உள்ளே விழும் தடமும் ஒருங்கே நிகழ்கின்றனவா என்று. எண்ணூறு ஆண்டுக்குப் பக்கமாகப் புழங்கும் சொல் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பொருளைத் தரும் உருபே 'ஓடு'. உங்கள் பிளாஸ்டிக் துண்டும் ஓடு. உடனிகழ்வைச் சொல்லும் ஓடு என்று இரண்டு பொருளிலும் நிற்கிறது. தொல்காப்பியம் 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்கிறது. அரசனொடு சேவகர் வந்தார் என்போம், சேவகரொடு அரசன் வந்தான் என்று சொல்வதில்லை. அப்படியானால் இங்கே உயர்ந்தது எது, ஓடா தடமா? தடத்துக்காகத்தானே கருவி. எனவே 'தடத்தொடு ஓடு மின்னியது' என்பதே மரபு. இதை வைத்து 'ஒடுவிலக்கு ஓடு' என்று சொல்லலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். இன்னும் இரண்டு நாள் கொடுங்கள்.

யாழ்ப்பாணம் பௌதிக ஆசிரியர் (ஓய்வு), புதன் காலை

பிள்ளைக்கு வணக்கம்.

ஐயாவின் கருத்தோடு நானும் ஒன்றுகிறேன். பௌதிகத்திலும் அந்த 'எதிர்' தொல்லைதான். தமிழ்நாட்டில் நீங்கள் எதிர்மின் என்கிறீர்கள், நாங்கள் மறை ஏற்றம் என்று படிப்பித்தோம். உங்கள் வழக்கப்படி எலக்ட்ரானுக்கு எதிர்மின். அதோடு கூடப் பிறக்கும் எதிர்த்துணிக்கையான பாசிட்ரானுக்கு நேர்மின். எதிர் உள்ளது எதிர்த்துணிக்கை அல்ல, எதிர்த்துணிக்கையில் எதிர் இல்லை. இதே மாதிரியின் உள்ளே அந்தச் சோடி பிறக்கிறது. அதன் கூரைக்கும் ஓர் எதிரை வைத்தால் பிள்ளைகள் எந்த எதிரை எங்கே வைப்பது?

என் பரிந்துரை: உடனிகழ்வு மறுப்புக் கவசம். கவசம் எல்லாருக்கும் விளங்கும்.

திண்டுக்கல் இயற்பியல் ஆசிரியை, புதன் மாலை

இருவருக்கும் மிக்க நன்றி. உடனிகழ்வை இப்போதே எடுத்துக்கொண்டேன். இன்று வகுப்பில் 'தாயொடு குழந்தை வந்தது' என்று கரும்பலகையில் எழுதித்தான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் கவசத்தை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. கவசம் என்றால் அம்பைத் தடுக்க வேண்டும். இந்த ஓடு எதையும் தடுப்பதில்லை. துகள் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகத்தான் செய்கிறது. ஓடு 'இவன் போகிறான்' என்று சொல்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிட்டால் ஃபெர்மிக்கு ஏன் 89 ஓடு என்ற கதையே மாணவிகளுக்குப் புரியாமல் போகும்.

அந்தக் கதை இது. 1991-ல் ஏவிய காம்ப்டன் விண்வெளி ஆய்வகத்தில் எக்ரெட் என்று ஒரு காமாக்கதிர்க் கருவி இருந்தது. அதன் மேலே இதே வேலைக்கு ஒரே துண்டாக, குடை மாதிரி ஒரு கவிகை. நல்ல ஆற்றலுள்ள காமா வந்தால் ஓசைப்படாமல் கவிகையைத் தாண்டி உள்ளே போகும். போய் ஆற்றல்மானியில் விழுந்து துகள் மழையாகச் சிதறும். அந்தச் சிதறலில் ஒன்றிரண்டு மேல்நோக்கித் தெறித்து, உள்ளிருந்தே கவிகையில் படும். கவிகை மின்னும். உடனே மின்சுற்று 'மின்னூட்டத் துகள்' என்று கழித்துவிடும். நம் வீட்டு விருந்தாளி உள்ளே வந்து செம்பைத் தட்டிவிட்ட சத்தத்தைக் கேட்டு, திருடன் என்று வெளியே அனுப்பிய மாதிரி. 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டோடு ஒப்பிட்டால் 10 கிகாவில் எக்ரெட்டின் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அதிக ஆற்றல் கதிர்தான் அரிது, அதிலேயே பாதி போனது.

ஃபெர்மியைக் கட்டியவர்கள் கவிகையை 89 துண்டாக்கினார்கள். தடத்தைப் பின்னோக்கி நீட்டி, அது எந்த ஓட்டைத் தொடுகிறதோ அந்த ஓடு மின்னியதா என்று கேட்டால் போதும். மற்ற ஓட்டில் தெறித்ததைப் பொருட்படுத்த வேண்டாம். 2008 ஜூன் 11-ல் ஏவியது, பூமியை இரண்டு தடவை சுற்றுவதற்குள், அதாவது சுமார் 3 மணி நேரத்தில், முழு வானத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறது. அந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஓடு பேசாமல் இருந்ததால் வந்தது. இதைச் சொல்லும் சொல்தான் எனக்கு வேண்டும்.

சென்னை மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

டீச்சர், 'உடனிகழ்வு விலக்கி' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சொல், அட்டையில் இடம் பிடிக்காது, தேடினால் கிடைக்கும்.

காணி என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். டிடெக்டருக்குக் காணி என்று போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எங்கள் அப்பாவிடம் துகள் காணி என்றால் எத்தனை சென்ட் என்று கேட்பார்.

இந்தச் சொல் ஒரு கண்காட்சியோடு முடியாது என்பதையும் நினைவில் வைப்போம். 2007 ஏப்ரல் 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி8 ஏற்றிச் சென்றது இத்தாலியின் அஜிலே. 352 கிலோ எடை, அதுவும் காமாக்கதிர்த் தொலைநோக்கிதான், அதிலும் இதே வகைப் போர்வை இருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஏவியதற்கே இதுவரை நம்மிடம் சொல் இல்லை. அதனால் பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், 'ஒடுவிலக்கு ஓடு' என்பதை யாரும் இரண்டாம் தடவை தப்பில்லாமல் தட்டச்சு செய்யப் போவதில்லை.

விழுப்புரம் பள்ளி ஆசிரியர், வியாழன் காலை

எல்லோருக்கும் வணக்கம். நான் இயற்பியல்காரன் இல்லை, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவன். டீச்சரின் மடலைப் படித்ததும் எனக்குக் கூத்துதான் கண்முன் வந்தது.

எங்கள் ஊரில் பங்குனியில் கூத்து நடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரை பிடித்து நிற்பார்கள். உள்ளே சலங்கைச் சத்தம் கேட்கும். கட்டியக்காரன் முன்னால் வந்து, வருகிறவர் இன்ன நாட்டு இன்ன மன்னர் என்று உரக்கச் சொல்வான். அவன் யாரையும் தடுக்க மாட்டான், விலக்கவும் மாட்டான். வருகிறார் என்று அறிவிப்பது மட்டும்தான் அவன் வேலை. டீச்சர் சொல்லும் ஓடும் அதைத்தானே செய்கிறது? மின்னூட்டத் துகள் கட்டியத்தோடு வருகிறது. காமா கட்டியம் இல்லாமல் வருகிறது. கட்டியம் இல்லாமல் உள்ளே வந்தது எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது.

'கட்டிய ஓடு' என்று வைக்கலாமா? என் பிள்ளைகளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் தமிழ்ப் பேராசிரியர், வியாழன் மதியம்

தம்பி, மனம் நிறைந்தது. ஒரு திருத்தம் மட்டும். 'கட்டிய ஓடு' என்றால் கட்டப்பட்ட ஓடு என்று பெயரெச்சமாகப் படித்துவிடுவார்கள். 'கட்டியத் தகடு' என்று ஒற்று மிகுந்தால் மயக்கம் இல்லை.

கட்டியம் 'கட்டு' என்ற அடியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. கட்டுரையில் உள்ள கட்டு, சொல்லைப் பிணித்து நிறுத்தல். கட்டுவிச்சியையும் இதனோடு சேர்ப்பேன். முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்பவள் அவள். முறமும் வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரிக்கும் கருவி அல்லவா? புடைத்தல், தெள்ளல், கொழித்தல் என்று பிரிப்பதற்கு நம்மிடம் உள்ள வினைகளை எண்ணிப் பாருங்கள். தனித்தனியே எழுத வேண்டும்.

சென்னை மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

நாளை மாலை ஃபிளெக்ஸ் போக வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

கட்டியம் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் என் அடுக்ககத்துப் பிள்ளைகள் கூத்தே பார்த்ததில்லை. காமா ஒன்று, கட்டியம் ஒன்று என்று இரண்டையும் விளக்க வேண்டிவரும். வட்டார வழக்கைக் கலைச்சொல்லாக்கினால் அடுத்த மாவட்டத்தில் புரியாது.

விழுப்புரம் பள்ளி ஆசிரியர், வியாழன் இரவு

அண்ணா, வட்டார வழக்கு கூடாது என்றால் காமாக்கதிர் வானியலில் கெமிங்கா என்ற பெயரையே அழிக்க வேண்டும். 1970-களில் சாஸ்-2 செயற்கைக்கோள் மிதுன ராசிப் பக்கம் ஒரு காமா மூலத்தைக் கண்டது. வேறு கதிர்களில் தேடினால் அங்கே எதுவும் தென்படவில்லை. ஜெமினி, காமா இரண்டையும் சேர்த்த பெயர் அது. மிலான் நகரத்துப் பேச்சில் 'அது அங்கே இல்லை' என்று பொருள்படவும் அமைந்தது. அது விநாடிக்கு நான்கு தடவைக்கு மேல் துடிக்கும் நியூட்ரான் விண்மீன் என்று 1992-ல்தான் தெரிந்தது. இத்தாலியிலேயே மற்ற ஊர்க்காரருக்கு விளங்காத வழக்கு இன்று உலகப் பட்டியல்களில் நிற்கிறது. விழுப்புரத்துச் சொல் ஓர் அட்டையில் நிற்கக் கூடாதா?

திண்டுக்கல் இயற்பியல் ஆசிரியை, வெள்ளி மதியம்

அன்புள்ள அனைவருக்கும்,

நேரம் முடிந்துவிட்டது. மடல்களை எண்ணிப் பார்த்தேன், தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஏழு பேர் 'உடனிகழ்வு விலக்கி'க்கு, நான்கு பேர் 'கட்டியத் தகடு'க்கு. பெயர்ச்சீட்டில் 'உடனிகழ்வு விலக்கி ஓடுகள்' என்றே போகிறது. என் மனசு முழுதாகச் சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. விலக்குவது ஓடு இல்லை என்று இரண்டு நாளாக நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

மாதிரியின் பக்கத்தில் நின்று விளக்கப் போகிறவள் நேற்று ஒத்திகை பார்த்தாள். ஓடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, 'இது கட்டியம் சொன்னா வேண்டாம், சொல்லாட்டி வேணும்' என்றாள். அட்டையில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. நான் திருத்தவில்லை.

யாழ்ப்பாணம் பௌதிக ஆசிரியர், வெள்ளி இரவு

பிள்ளை, அச்சுக்குப் போய்விட்டது என்று தெரியும். இருந்தாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்க வேணும். கவசத்தை நான் கைவிட்டுவிட்டேன், உங்கள் விளக்கம் சரி. ஆனால் அதே காரணத்தால் விலக்கியும் பிழை. விலக்குவது மின்சுற்று. ஓடு சாட்சி மட்டும் சொல்லுகிறது. அடுத்த பதிப்பில் 'உடனிகழ்வுச் சாட்சி' என்று போட்டுப் பாருங்கோ.

அப்புறம், 'தடங்காட்டி' என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றல்மானியில் மானி, இதில் காட்டி. அந்தச் சிலிக்கான் தடத்தைக் காட்டுகிறதா, குறிக்கிறதா? அதற்குத் தனி மடல் போடுகிறேன்.